கருத்துக்கணிப்பு அட்டவணையில் காமாவை மட்டும் எழுதாதீர்கள்

"போதாது, போதும்" போன்ற வரிசைப் பதில்களுக்குக் இரண்டு விடயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை மட்டும் போதாது. அது வரிசையையே பார்ப்பதில்லை. வரிசையைப் பார்த்துத் தொடர்பின் வலிமையைச் சொல்லும் காமா போன்ற அளவுகள் வேண்டும். ஆனால் காமா மட்டும் போதாது.

ஒரு கற்பனைக் கணக்கு: இரணைமடுக் குளத்து வாய்க்காலில் சிறுபோகத் தண்ணீர் பற்றி 60 கமக்காரரிடம் கேட்கிறோம். "போதும்" என்றவர்கள் தலைமடையில் 20 பேரில் 14, இடைமடையில் 20இல் 10, கடைமடையில் 20இல் 6.

இருவர் இருவராகச் சோடி சேர்த்தால் மொத்தம் 1770 சோடி. கடைமடையிலிருந்து மேலே வர "போதும்" என்பதும் கூடினால் அது ஒத்த சோடி: 14×24 + 10×14 = 476. எதிராகப் போவது முரண் சோடி: 6×16 + 10×6 = 156. வித்தியாசம் 320.

காமா = வித்தியாசம் ÷ (ஒத்த + முரண் சோடிகள்) = 320/632 = 0.51. பார்க்க அழகான எண். ஆனால் ஒரே மடைக்காரர், ஒரே பதில்காரர் என்று சமனான 1138 சோடிகளை அது கழித்துவிடுகிறது. அவற்றைக் கணக்கில் எடுக்கும் இன்னொரு அளவான கெண்டாலின் டௌ-பி 0.31தான். 3×2 போன்ற சதுரமல்லாத அட்டவணையில் டௌ-பி 1ஐத் தொடாது, அங்கே டௌ-சி (0.36) பொருந்தும். மடைதான் காரணம், பதில் விளைவு என்றால் சோமர்ஸ் டி என்ற அளவு, வித்தியாசத்தை வெவ்வேறு மடைக்காரர் சோடிகளால் வகுப்பது: 320/1200 = 0.27.

எஸ்பிஎஸ்எஸ் புள்ளிவிவர மென்பொருளில், குறுக்கு அட்டவணை போடும் கிராஸ்டாப்ஸின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பெட்டியில் நான்கும் உண்டு. ஆர் மென்பொருளிலோ வகைகள் அகரவரிசையில் அடுக்கப்படும்: இடைமடை, கடைமடை, தலைமடை! வரிசையை நீங்களே கொடுக்காவிட்டால் விடை குப்பை.