சிறிய பதிப்பகத்தில் மார்க்கெட்டிங் இன்டர்ன்ஷிப்: எங்கிருந்து தொடங்குவது?

பாலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ மார்க்கெட்டிங் படிக்கிறீர்கள். சிங்கப்பூரில் ஒரு சிறிய தமிழ்ப் பதிப்பகத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. அலுவலகம் என்றால் பெரும்பாலும் இரண்டு மேசை, சுவரோரம் அடுக்கிய புத்தகப் பெட்டிகள், எல்லாவற்றையும் ஒருவராகவே கவனிக்கும் பதிப்பாளர். மார்க்கெட்டிங் பிரிவு எங்கே என்று தேடாதீர்கள். அது நீங்கள்தான்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. அவர்களிலும் காசு கொடுத்துத் தமிழ் நூல் வாங்குபவர்கள் சின்ன வட்டம். எனவே, எத்தனை ஆயிரம் பேர் விளம்பரத்தைப் பார்த்தார்கள் என்ற கணக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அச்சான பிரதிகள் ஒவ்வொன்றும் யார் கைக்குப் போகப்போகிறது என்று தெரிந்துவைத்திருப்பதுதான் இங்கே வேலை.

படி 1: புத்தகத்தைப் படியுங்கள்

சொல்லவே வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் பின்னட்டைக் குறிப்பை மட்டும் பார்த்துவிட்டு போஸ்டர் செய்ய உட்காருகிறவர்கள் நிறையப் பேர். தமிழில் வேகமாக வாசிக்க வராது என்றால் ஒரு வாரம் கேளுங்கள், கொடுப்பார்கள்.

படிக்கும்போது கதையில் வரும் இடம், தொழில், காலம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மேடையில் இரண்டு நிமிடத்தில் வாசிக்கக்கூடிய ஒரு பகுதியையும் தேடி வையுங்கள். கதை செம்பவாங் கடற்படைத் தளத்தில் நடக்கிறது என்றால், அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்கள் முதல் வாசகர்கள். இதைப் பின்னட்டை சொல்லாது.

படி 2: நூலுக்கு ஒரு தகவல் தாள்

ஒரே பக்கம் போதும். தலைப்பு, ஆசிரியர், விலை, பக்கங்கள், அளவு, வெளியாகும் தேதி, ஐம்பது சொல்லில் கதை, ஐம்பது சொல்லில் ஆசிரியர் அறிமுகம், அட்டைப் படம். அதோடு ஐஎஸ்பிஎன். இது நூலை அடையாளம் காட்டும் 13 இலக்க எண். சிங்கப்பூர்ப் பதிப்பு என்றால் பெரும்பாலும் 978-981 என்று தொடங்கும், தேசிய நூலக வாரியம் வழங்குகிறது.

தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதை இப்போதே முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். கடைக் கணினியில் பலர் ஆங்கில எழுத்தில்தான் தேடுவார்கள். ஓரிடத்தில் ஒரு ‘h’ கூடிப்போனால் புத்தகம் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

நூல் வெளியான நான்கு வாரத்துக்குள் நூலக வாரியத்திடம் இரண்டு பிரதிகள் ஒப்படைக்க வேண்டும், அது சட்டம். பதிப்பாளர் செய்துவிட்டாரா என்று கேட்டு வையுங்கள்.

படி 3: காசுக் கணக்கு

இதைப் பலர் இன்டர்னிடம் சொல்வதில்லை, நீங்களாகவே கேளுங்கள். ஓர் உதாரணம்: விலை 20 வெள்ளி. கடை 40 விழுக்காடு எடுத்துக்கொண்டால் 8 வெள்ளி போய்விடும். அச்சுக்கு 5, ஆசிரியருக்கு விலையில் பத்து விழுக்காடு என்றால் 2. மிச்சம் 5 வெள்ளி. பிழைதிருத்தம், அட்டை வடிவமைப்பு, அரங்க வாடகை எல்லாம் இதற்குள்தான்.

இப்போது இன்ஸ்டகிராமில் 50 வெள்ளிக்கு விளம்பரம் போடலாமா என்று யோசியுங்கள். அந்த விளம்பரத்தால் மட்டும் கடையில் பத்துப் பிரதிகள் கூடுதலாக விற்றால்தான் போட்ட காசு திரும்பும். அதே நூலை வெளியீட்டு விழாவில் நேராக விற்றால் கடையின் 8 வெள்ளியும் பதிப்பகத்துக்கே வரும். 2024இல் டைம்ஸ் புத்தகக் கடைகளும் மூடிவிட்ட ஊரில், நேரடி விற்பனையை ஓரமாக வைக்க முடியாது.

படி 4: ஆள் பட்டியல்

உங்கள் நேரத்தில் பாதி இதற்குப் போகட்டும். ஒரு கூகல் ஷீட் திறந்து, பெயர், அமைப்பு, இந்த நூலில் அவருக்கு என்ன ஈர்ப்பு, கடைசியாக எப்போது பேசினோம் என்று எழுதுங்கள். தமிழ் முரசு நாளிதழ், மீடியாகார்ப்பின் ‘செய்தி’, ஒலி 96.8 வானொலி ஆகியவை கட்டாயம் இருக்கும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். தமிழாசிரியர்கள், நூலக வாசிப்புக் குழுக்களை நடத்துபவர்கள், பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்கள், சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் போன்ற அமைப்புகள் எல்லாம் வேண்டும். வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) வரும் வெளிநாட்டு ஊழியர்களிலும் நல்ல வாசகர்கள் உண்டு. அவர்களைப் பட்டியலில் சேர்க்க மறந்துபோவதுதான் வழக்கம்.

கடிதம் ஒவ்வொருவருக்கும் வேறாக இருக்கட்டும். “எங்கள் புதிய நூல் வெளிவந்துள்ளது, ஆதரவு தாருங்கள்” என்று எல்லாருக்கும் ஒன்றையே அனுப்பினால் யாரும் பதில் போட மாட்டார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

“வணக்கம் அம்மா. உங்கள் வாசிப்புக் குழு இந்த ஆண்டு உள்ளூர்ச் சிறுகதைகளைப் படித்துவருவதாக அறிந்தேன். அடுத்த மாதம் நாங்கள் வெளியிடும் தொகுப்பில் செம்பவாங் பற்றிய கதை ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு பக்கம். அதை மட்டும் இணைத்திருக்கிறேன். பிடித்திருந்தால் ஆசிரியரைக் குழுவுக்கு அழைத்து வருகிறோம்.”

மூத்த எழுத்தாளர்களுக்கு மின்னஞ்சல் மட்டும் போதாது. வாட்ஸ்அப்பில் வணக்கம் சொல்லி, எப்போது அழைக்கலாம் ஐயா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

எண்களையும் மின்னஞ்சல்களையும் சேர்க்கும்போது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நினைவிருக்கட்டும். விழாவுக்குப் பதிந்தவர் மற்ற நூல்களுக்கும் செய்தி அனுப்பச் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பதிவுப் படிவத்தில் அதற்குத் தனியாக ஒரு கட்டம் வையுங்கள்.

படி 5: தேதி

ஏப்ரலில் தமிழ் மொழி விழா. அரங்கும் கூட்டமும் கிடைக்கும், ஆனால் அதே நாளில் வேறு நிகழ்ச்சிகளும் இருக்கும். நவம்பரை ஒட்டி சிங்கப்பூர் எழுத்தாளர் விழா. பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்து செப்டம்பர் கடைசியில் யாரும் வரமாட்டார்கள். என்னைக் கேட்டால், ஏப்ரலில் மூன்றாவது நிகழ்ச்சியாக இருப்பதைவிட ஜூலையில் ஒரே நிகழ்ச்சியாக இருப்பது மேல்.

படி 6: போஸ்டர்

கான்வாவில் எல்லா எழுத்துருவும் தமிழுக்கு ஒத்துவராது. அடோபி மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போடாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது என்றால் அவருக்கும் அது தெரியாமல் போகும். அச்சுக்குப் போகும் கடைசி பிடிஎஃப்பை, தமிழ் வாசிக்கத் தெரிந்த இருவர் எழுத்தெண்ணிப் பார்க்கட்டும். தேசியக் கலைகள் மன்ற மானியம் பெற்ற நூல் என்றால் சின்னம் போடும் விதியையும் சரிபாருங்கள்.

படி 7: விழா நாள்

விற்பனை மேசையை வாசலருகே போட்டு, நிகழ்ச்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பே திறந்துவிடுங்கள். உரைகள் நீளும், அது நம் ஊர் வழக்கம். முடிந்ததும் கூட்டம் வடை இருக்கும் பக்கம்தான் போகும். மேசையில் இவை இருக்கட்டும்: கைப்பேசி வழியே பணம் வாங்க பேநவ் கியூஆர் அட்டை இரண்டு, சில்லறை, பேனா, ஒரு நோட்டு. எத்தனை பிரதிகள் கொண்டுவந்தோம், எத்தனை விற்றோம், எத்தனை அன்பளிப்பாகக் கொடுத்தோம் என்று அந்த இடத்திலேயே எழுதுங்கள். சிறப்பு விருந்தினர்களுக்கு மேடையில் கொடுப்பதும் கணக்கில் வர வேண்டும்.

மறுநாள் அந்த நோட்டை ஷீட்டில் ஏற்றி, மீதிப் பெட்டிகளை எண்ணிப் பாருங்கள். வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, வருகிறேன் என்று சொல்லி வராதவர்களுக்கு எங்கே வாங்கலாம் என்று செய்தி அனுப்புங்கள். கடைகளில் விற்றால் காசு என்ற ஏற்பாட்டில் வைத்த பிரதிகளை மாதம் ஒருமுறை கேட்க வேண்டும், கேட்காவிட்டால் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். உங்கள் பயிற்சி முடியும் வாரத்தில் ஷீட், படங்கள், கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் பதிப்பகத்தின் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அடுத்து வரும் இன்டர்ன் எந்தக் கடையில் எத்தனை பிரதி கிடக்கிறது என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.