டொலேடோவின் சுவர்களை வாசிப்பது எப்படி: ஒரு கொத்தனார் மகளின் வழிகாட்டி

மாட்ரிட்டில் எனக்கு இது ஏழாவது வருடம். ஊரிலிருந்து யார் வந்தாலும் பக்கத்திலுள்ள பழைய ஊரான டொலேடோவுக்கு அழைத்துப் போவது என் வேலை. முதல் சில தடவை எல்லோரையும் போலவே ரயிலை விட்டு இறங்கியதும் பஸ் பிடித்து மேலே ஏறுவோம். கதீட்ரல், எல் கிரெகோ என்ற ஓவியர் வரைந்த ஓவியம், ஒரு பெட்டி பாதாம் இனிப்பு, அவ்வளவுதான். வீடு திரும்பும்போது எந்த அரசர் எதைக் கட்டினார் என்பது ஒன்றும் மனதில் நிற்காது.

என் அப்பா வந்துபோன பிறகுதான் அந்த ஊரைப் பார்க்கும் விதம் எனக்குப் பிடிபட்டது. அப்பா புதுக்கோட்டைப் பக்கம் நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். அங்கிருந்த பலகைகளில் ஒரு எழுத்துகூட அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் சுவரைப் படித்தார். "இங்க யாரும் எதையும் முழுசா இடிக்கலைம்மா. முன்னாடி இருந்தவன் கல்லை எடுத்துத்தான் பின்னாடி வந்தவன் கட்டியிருக்கான்" என்றார். டொலேடோவின் இரண்டாயிரம் வருடக் கதைக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியாது. அன்று நாங்கள் நடந்த வழியில்தான் இப்போது எல்லோரையும் அழைத்துப் போகிறேன்.

கிளம்பும் முன் ஐந்தே ஐந்து காலக் குறிப்புகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்பெத்தானி என்ற உள்ளூர் மக்களிடமிருந்து ரோமானியர் ஊரைப் பிடித்தார்கள். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் இது விசிகோத் என்ற ஜெர்மானிய இனத்து அரசர்களின் தலைநகரானது. 711இல் ஸ்பெயினுக்குள் வந்த தாரிக் இப்னு ஜியாதின் படையிடம் விழுந்து முஸ்லிம் ஆட்சிக்குள் போனது. 1085இல் காஸ்தீல் என்ற கிறிஸ்தவ நாட்டின் அரசர் ஆறாம் அல்போன்சோ கைப்பற்றினார். 1561இல் இரண்டாம் பிலிப் அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றிக்கொண்டார். மற்ற தேதிகளெல்லாம் இந்த ஐந்துக்கு நடுவில் தானாக வந்து உட்காரும்.

மாட்ரிட்டின் அதோச்சா நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இறங்கியதும் ஓடாதீர்கள். ரயில் நிலையமே முதல் பாடம். குதிரைலாட வளைவுகளும் வண்ண ஓடுகளும் பார்த்து நான் பல வருடம் இது ஏதோ பழைய அரண்மனை என்றே நினைத்திருந்தேன். அப்பா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "செங்கல் அத்தனையும் ஒரே அளவா இருக்கே, இது புதுசு" என்றார். 1919இல் திறந்த கட்டடம் அது. வளைவின் வடிவத்தை மட்டும் வைத்து வயதைக் கணக்கிடக் கூடாது. எதனால் கட்டியிருக்கிறது, எப்படி அடுக்கியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து அல்கன்தரா பாலத்துக்கு நடந்தே போகலாம். ஆனால் பாலத்தைக் கடக்காதீர்கள். ஊருக்குள் போகும் முன் ஊரை வெளியிலிருந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். கருங்கல் குன்று ஒன்று, அதை மூன்று பக்கமும் வளைத்து ஓடும் தாஹோ ஆறு. நான்காவது பக்கமான வடக்கில் மட்டும் ஆறு இல்லை. பெரிய மதிலும் பெரிய வாசல்களும் ஏன் வடக்கில் இருக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியும் இதைச் சிறிய ஊர், ஆனால் இருக்கும் இடத்தாலேயே காவல் உள்ள ஊர் என்றுதான் குறிக்கிறார்.

அல்கன்தரா என்றால் அரபியில் பாலம். ஆக, ஸ்பானிஷில் இதன் பெயர் 'பாலப் பாலம்'. அடித்தளம் ரோமானியர் போட்டது. நடுவில் வந்தவர்கள் ஒவ்வொருவரும் கை வைத்திருக்கிறார்கள். 1257 வெள்ளத்தில் பலத்த சேதமாகி, பத்தாம் அல்போன்சோ காலத்தில் மறுபடி எழுந்தது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் கல்லின் நிறமும் அளவும் எங்கெங்கே மாறுகின்றன என்று தெரியும். பத்து நிமிடமாவது நில்லுங்கள்.

இங்கே நிற்கும்போதே தண்ணீரைப் பற்றி யோசித்துவிடுங்கள். இந்த ஊரின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஆறு கீழே, ஊர் சுமார் 100 மீட்டர் மேலே. ரோமானியர் தெற்கு மலைகளிலிருந்து கால்வாய் கட்டிக் கொண்டுவந்தார்கள். அதன் அடிக்கட்டை இன்னும் ஆற்றின் கரையில் நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டில் எழுதிய புவியியலாளர் அல்-இத்ரீசி, தண்ணீரை மேலேற்ற இங்கே 90 முழ உயரச் சக்கரம் ஒன்று சுழன்றதாகச் சொல்கிறார். வீடுகளில் மழைநீரைத் தேக்க நிலத்தடித் தொட்டிகள். மீதிக்கெல்லாம் கழுதைமேல் குடங்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறிய அசகான்கள், அதாவது தண்ணீர்க்காரர்கள். அப்புறம் ஹுவானெலோ துர்ரியானோ என்ற இத்தாலிய கடிகாரக் கைவினைஞர் வந்தார். ஆற்றின் வேகத்தையே சக்தியாக்கி, கரண்டி கரண்டியாகத் தண்ணீரைக் கைமாற்றி மேலே கொண்டுபோகும் இயந்திரம் ஒன்றை அமைத்து, 1569இல் ஓட்டிக் காட்டினார். தண்ணீர் போய்ச் சேர்ந்த இடம் அரசருடைய அல்காசர் கோட்டை. ஊருக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஊர்க்காரர்கள் பணம் தரவில்லை. 1585இல் அவர் இங்கேயே வறுமையில் இறந்தார். இதைச் சொன்னபோது அப்பா, "வேலை முடிச்சுட்டுக் கூலி வாங்காமப் போனவரா" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம்.

சரி, இனி ஆற்றின் மறுகரையை ஒட்டி, வாயே சாலையில் நடங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடக்க முடியாதவர்கள் பஸ்ஸில் காட்சி மேடைக்குப் போகலாம். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும், மார்ச் அல்லது அக்டோபரில் வாருங்கள். மேடையில் நின்றால் முழு ஊரும் ஒரே பார்வையில் கிடைக்கும். வலது உச்சியில் நாலு மூலைக் கோபுரங்களோடு சதுரமாகத் தெரிவது அல்காசர். 1936 உள்நாட்டுப் போரில் இரண்டு மாதத்துக்கும் மேல் முற்றுகையில் இருந்து, பெரும்பகுதி இடிந்து, பிறகு திருப்பிக் கட்டப்பட்டது. அதன் மூலைகள் எவ்வளவு கூர்மையாக இருக்கின்றன என்று பாருங்கள். கீழே ஆற்றில் சில நாட்கள் வெள்ளை நுரை மிதக்கும். மாட்ரிட் பக்கத்துக் கழிவு கலந்து, 1972இல் இங்கே குளிக்கவே தடை போட்டார்கள். ஊரை உருவாக்கிய ஆற்றை இந்த நிலையில் பார்ப்பது ஒவ்வொரு முறையும் எனக்கு வலிக்கிறது.

சாலை இறங்கி முடியும் இடத்தில் சான் மார்த்தின் பாலம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேராயர் பெத்ரோ தெனோரியோ எடுத்துக் கட்டியது. நடு வளைவு மட்டும் 40 மீட்டர் அகலம். இதற்கு ஒரு கதை உண்டு. கணக்குத் தப்பிவிட்டது, சாரத்தைப் பிரித்தால் வளைவு விழுந்துவிடும் என்று கட்டியவருக்குத் தெரிந்துபோகிறது. வெளியே சொல்லவும் முடியவில்லை. அவர் மனைவி இரவோடு இரவாகப் போய் சாரத்துக்குத் தீ வைக்கிறாள். பாலம் விழுகிறது, பழி நெருப்பின் மேல் போகிறது, அவர் சரியாகத் திரும்பக் கட்டுகிறார். கதைதான். ஆனால் அப்பா சிரிக்கவில்லை. "சென்ட்ரிங் பிரிக்கிறதுக்கு முந்தின ராத்திரி எந்தக் கொத்தனாருக்கும் தூக்கம் வராது" என்றார். பாலத்தின் நடுவில் நின்று குனிந்து பார்த்துவிட்டு ஊருக்குள் வாருங்கள்.

உள்ளே நுழைந்ததும் சான் ஹுவான் தே லோஸ் ரேயெஸ் மடம். வெளிச்சுவரில் தொங்கும் சங்கிலிகள், ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாதாவுடன் நடந்த போரில் விடுவிக்கப்பட்ட கிறிஸ்தவக் கைதிகளுடையவை. அதைத் தாண்டினால் பழைய யூதர் பகுதி. இங்கே அவசரப்படாதீர்கள். சாந்தா மரியா லா பிளாங்கா என்ற பெயரைக் கேட்டால் தேவாலயம் போல இருக்கும். உள்ளே எண்கோணத் தூண்களும் வெள்ளைக் குதிரைலாட வளைவுகளும் பார்த்தால் மசூதி போல இருக்கும். கட்டும்போது அது யூதர்களின் தொழுகைக்கூடம், நாட்டை ஆண்டவர் கிறிஸ்தவ அரசர்! தூண்கள் கல் அல்ல, செங்கல்மேல் பூச்சு. அப்பா அந்தப் பூச்சைப் பார்த்தபடி நின்ற நேரத்தில் நான் ஊர் முழுக்கச் சுற்றி வந்திருக்கலாம். இன்னொரு விஷயம்: குதிரைலாட வளைவை முஸ்லிம்கள் வருவதற்கு முன்பே விசிகோத்துகளும் கட்டினார்கள். எனவே வளைவைக் கண்டதும் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பக்கத்திலேயே எல் திரான்சித்தோ, இதுவும் யூதர்களின் தொழுகைக்கூடமாக இருந்ததுதான். முதலாம் பெத்ரோ அரசரின் பொக்கிஷதாரர் சாமுவேல் ஹாலெவி 1350களில் எழுப்பியது. எபிரேய வரிகளும் காஸ்தீல் அரச முத்திரையும் ஒரே சுவரில் இருக்கின்றன. சில வருடங்களில் அதே அரசர் அவரைச் சிறையில் அடைத்தார், ஹாலெவி சித்திரவதையில் இறந்தார். 1391இல் யூதர்கள்மேல் படுகொலைத் தாக்குதல், 1492இல் நாட்டைவிட்டே வெளியேற்றம். மூன்று சமயங்கள் சேர்ந்து வாழ்ந்த ஊர் என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்வது உண்மைதான். இந்தச் சுவர் முன் நின்று அந்த உண்மையின் மறுபாதியையும் நினைக்க வேண்டும்.

சாந்தோ தொமே தேவாலயத்தில் எல் கிரெகோ ஓவியத்துக்கு வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கதீட்ரலை விடாதீர்கள். விசிகோத் காலத் தேவாலயம் இருந்த இடத்தில் பெரிய மசூதி, அந்த மசூதியின் இடத்தில் 1226இல் தொடங்கி 1493இல் முடிந்த கதீட்ரல். முஸ்லிம் ஆட்சியிலும் தங்கள் வழிபாட்டைக் காத்துவந்த கிறிஸ்தவர்களின் பழைய முறைப் பூசை இன்றும் இங்கே ஒரு சிற்றாலயத்தில் நடக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில்தான் கிரெமோனாவின் ஜெரார்டு போன்றவர்கள் அரபி நூல்களை லத்தீனுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கும் முன், இங்கே நீதிபதியாக இருந்த சாயித் அல்-அந்தலுசி 1068இல் அறிவியலில் சிறந்த இனங்களை வரிசைப்படுத்தியபோது முதலிடத்தில் வைத்தது இந்தியர்களை. நம் ஊரிலிருந்து இவ்வளவு தூரத்தில், ஆயிரம் வருடத்துக்கு முன்! அப்பாவிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

சொகோதோவேர் சதுக்கத்தில் காபி குடியுங்கள். கால்நடைச் சந்தை என்ற அரபிப் பெயர்தான் அப்படி மருவியிருக்கிறது. அங்கிருந்து வடக்கே இறங்கினால், நான் கடைசிக்கென்று வைத்திருக்கும் இடம்: கிறிஸ்தோ தே லா லூஸ்.

பக்கத்துக்கு எட்டு மீட்டர் அளவே உள்ள சின்ன மசூதி. முன்னால் தோண்டியபோது ரோமானியச் சாலை கிடைத்தது. உள்ளே நாலு தூண்கள், தலைக்கல்கள் விசிகோத் கட்டடங்களிலிருந்து எடுத்தவை. மேலே ஒன்பது கூரை வளைவுகள், ஒன்று போல் இன்னொன்று இல்லை. பின்னால் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தவர்கள் ஒட்டுப்போட்ட அரைவட்டப் பகுதி. உங்கள் தாளில் உள்ள முதல் நான்கு காலமும் இந்த ஒரே இடத்துக்குள் இருக்கின்றன. வாசல் முகப்பில் செங்கல்லையே எழுத்தாக வைத்து அரபி வரி ஒன்று ஓடும். அஹ்மத் இப்னு அல்-ஹதீதி தன் சொந்தப் பணத்தில் கட்டுவித்தார், வேலை ஹிஜ்ரி 390இல் முடிந்தது என்கிறது. நம் கணக்கில் 999இன் முடிவு. கட்டியவர் பெயரும் இருக்கிறது: மூசா இப்னு அலி, அல்-பன்னா. பன்னா என்றால் கொத்தனார்.

அப்பா அந்த வரியின் கீழே நின்று, எந்த இடத்தில் அந்தப் பெயர் என்று கேட்டார். எனக்குக் காட்டத் தெரியவில்லை. அடுத்த முறை போகும்முன் கற்றுக்கொண்டேன். போட்டோ எடுத்து வட்டம் போட்டு ஊருக்கு அனுப்பினேன். நீங்களும் முன்கூட்டியே ஒரு படத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு போங்கள்.

இனிக் கீழே இறங்கி, சூரிய வாசலைக் கடந்து வடக்கு மதிலுக்கு வாருங்கள். கழுகு முத்திரையோடு நிற்கும் பெரிய பிசாக்ரா வாசலில்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். அது 16ஆம் நூற்றாண்டில் அலோன்சோ தே கோவாருபியாஸ் வடிவமைத்தது. சற்று மேற்கே, கூட்டம் இல்லாத இடத்தில் பழைய பிசாக்ரா இருக்கிறது. பலகையைப் படிக்காமல் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாகப் பாருங்கள்: எங்கே பெரிய கல், எங்கே சின்னக் கல்லும் செங்கல்லும் மாறி மாறி வருகின்றன, எந்தக் கல் வேறு கட்டடத்திலிருந்து வந்தது போலிருக்கிறது. தாளில் குறித்துக்கொண்ட பிறகு பலகைக்குப் போங்கள். ரயில் நிலையம் அங்கிருந்து அரை மணி நடை. திரும்பும் டிக்கெட்டைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள், மாலை வண்டிகளில் இடம் கிடைப்பது கஷ்டம்.