பெரிய எண்ணை வகைப்படுத்தும்போது சறுக்கும் இடங்கள்

12,34,567 பகா எண்ணா, பகு எண்ணா? ஒற்றைப்படை, அதனால் 2 வகுக்காது. கடைசி இலக்கம் 7, அதனால் 5-ம் இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 28, எனவே 3 இல்லை. 7, 11, 13 மூன்றாலும் வகுத்துப் பார்த்தால் மீதி வருகிறது. சரி, பகா எண்தான் என்று பலரும் இங்கேயே பேனாவை வைத்துவிடுகிறார்கள்.

ஆனால் 127 × 9721 = 12,34,567. அது பகு எண்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் தவறு நடக்கிறது. வர்க்கமூலம் வரை போயே ஆக வேண்டும். 1111-இன் வர்க்கம் 12,34,321. 1112-இன் வர்க்கம் நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆகவே 1111 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவை மொத்தம் 186. அந்த வரிசையில் 31-ஆவதாக நிற்பது 127. பதினைந்து, இருபதோடு அலுத்துப் போனவருக்கு அது கண்ணிலேயே படாது.

இந்த அவசரம் பெரியவர்களையும் விட்டதில்லை. 2-ஐ மீண்டும் மீண்டும் வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் 1 கூட்டிக் கிடைக்கும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள் என்பதைப் பார்த்து, அதே வரிசையில் அடுத்து வரும் 4,29,49,67,297-உம் பகா எண்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதையான ஆய்லர் அதை 641 × 67,00,417 என்று உடைத்துக் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த பெருக்கல் இது.

அடுத்தது செவ்விய எண், மிகையெண், குறைவெண் குழப்பம். ஓர் எண்ணின் காரணிகளைக் கூட்டினால் அதே எண் வந்தால் செவ்விய எண், அதைவிட அதிகம் வந்தால் மிகையெண், குறைவாக வந்தால் குறைவெண். காரணிகளைக் கூட்டும்போது அந்த எண்ணையே சேர்த்துவிடக் கூடாது. நம் எண்ணுக்கு 1 + 127 + 9721 = 9849. எண்ணைவிடச் சிறியது, ஆகவே குறைவெண். 12,34,567-ஐயும் சேர்த்துக் கூட்டினால் மிகையெண் போலத் தோன்றும். அப்படிக் கூட்டினால் 1-ஐத் தவிர எல்லா எண்ணும் மிகையெண்ணாகிவிடும்! ஒற்றைப்படை எண் மிகையெண்ணாக இருக்காது என்று சொல்பவர்களும் உண்டு. 945-க்குக் கூட்டிப் பாருங்கள், 975 வரும்.

காரணிகளின் எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். 1,23,456 = 2⁶ × 3 × 643. அடுக்குகள் 6, 1, 1. இவற்றைக் கூட்டி 8 என்று எழுதுவது தவறு. ஒவ்வோர் அடுக்கோடும் 1 சேர்த்துப் பெருக்க வேண்டும்: 7 × 2 × 2 = 28.

அப்புறம் கால்குலேட்டர். 1-க்குப் பின் 16 பூஜ்யம் போட்டு, அதோடு 1 கூட்டுங்கள். அதன் வர்க்கமூலம் 10 கோடி என்று பெரும்பாலான திரைகள் துல்லியமான விடைபோலவே காட்டும். பார்த்தால் முழு வர்க்கம் என்றுதான் தோன்றும். உண்மையில் தசமப் புள்ளிக்குப் பின் எட்டுப் பூஜ்யம் கழித்து ஒரு 5 இருக்கிறது, திரையில் அதற்கு இடமில்லை. 10 கோடியைக் கையால் வர்க்கப்படுத்திப் பாருங்கள். கடைசி 1 விடுபட்டுப் போவது அப்போது தெரியும்.