ஆடி மாசத்துல முதல் நாவல் டிராஃப்ட்: 31 நாள்ல நான் எழுதி முடிச்ச விதம், ஸ்டெப் பை ஸ்டெப்பா

நாவல் எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை, நோட்டுல நாலஞ்சு பக்கம் எழுதியாச்சு, அதுக்கு மேல நகரவே மாட்டேங்குது, இப்படி இருக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நான் ஒரு மாச சேலஞ்ச் ரெண்டு தடவை எடுத்திருக்கேன். முதல் தடவை நவம்பர்ல, 11ஆவது நாளோட நின்னுபோச்சு. ரெண்டாவது தடவை ஆடி மாசம், 31 நாள்ல 31,000 வார்த்தைக்குக் கொஞ்சம் மேலயே வந்துச்சு. நடுவுல எனக்கு புதுசா திறமை ஒண்ணும் வந்துடல, வாசிக்கிற விதத்தையும் நாளை எண்ணுற விதத்தையும் மாத்தினேன், அவ்வளவுதான், அதை அப்படியே சொல்றேன்.

இந்த சேலஞ்ச் எங்கிருந்து வந்துச்சுன்னு ரெண்டு வரி. 1999 ஜூலைல சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டின்னு ஒருத்தர் ஆரம்பிச்சார், அவரோட சேர்த்து 21 பேர், ஒரே மாசத்துல ஆளுக்கு ஒரு நாவல் எழுதிப் பாக்கணும்னு உக்காந்தாங்க. அடுத்த வருஷம் அது நவம்பருக்கு மாறிச்சு, நானோரைமோன்னு (நேஷனல் நாவல் ரைட்டிங் மந்த்ங்கிறதோட சுருக்கம்) பேரு பரவி உலகம் முழுக்க எழுத ஆரம்பிச்சாங்க. 30 நாள், 50,000 வார்த்தை, ஒரு நாளைக்கு 1,667. நடத்தின அமைப்பை 2025ல மூடிட்டாங்க, ஆனா இதுக்கு அமைப்பு எதுக்கு, ஒரு நோட்டும் கூட எழுதுற ரெண்டு ஃபிரெண்ட்ஸும் இருந்தா போதும். நாங்க மூணு பேரு ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சுக்கிட்டோம், தினம் ராத்திரி 10 மணிக்கு அன்னைக்கு எழுதின எண்ணிக்கையை மட்டும் போடணும், கதை அனுப்பக் கூடாது, கருத்து சொல்லக் கூடாது.

ஸ்டெப் 1: ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே பென்சிலோட வாசிங்க

எனக்கு ஊரு கோவில்பட்டி. எங்க ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்துல இடைசெவல், அந்த ஒரே சின்ன ஊர்ல இருந்துதான் கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் வந்தாங்க. காலேஜ் படிக்கிறப்போ கி.ரா.வை முதல்ல வாசிச்ச அன்னைக்கு எனக்கு கை நடுங்கிச்சு, எங்க ஆச்சி பேசுற பேச்சு அச்சுல இருக்கு, அதுவும் யாரும் அதைத் திருத்தாம. அதுக்கு முன்னாடி எழுதறதுன்னா வேற ஒரு பாஷைல எழுதணும்னு நினைச்சிட்டு இருந்தேன். அவர் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியே போட்டிருக்கார்ங்கிறது அப்புறம்தான் தெரிஞ்சுது. உங்களுக்கும் இப்படி "அட, நம்ம பேச்சும் எழுத்துல வருமா"ன்னு தோணவச்ச ஒரு எழுத்தாளர் இருப்பாங்க. மொத புஸ்தகம் அவங்களோடதா இருக்கட்டும்.

ஆனா ரசிச்சு வாசிக்கிறது வேற, எழுதறதுக்காக வாசிக்கிறது வேற. முதல் தடவை நான் 20 புஸ்தகம் வாசிச்சுட்டு உக்காந்தேன், ஒண்ணும் உதவல. ரெண்டாவது தடவை ரெண்டே ரெண்டு புஸ்தகத்தை மறுபடி எடுத்தேன், ஒவ்வொண்ணுகிட்டயும் ஒரே ஒரு கேள்வி.

பூமணியோட வெக்கை நாவல்கிட்ட கேட்ட கேள்வி, கதை எத்தனை நாள் நடக்குதுன்னு. ஓரத்துல பென்சிலால ராத்திரி, விடியக்காலை, மத்தியானம்னு குறிச்சுக்கிட்டே போனேன். 15 வயசுப் பையன் ஒரு கொலையப் பண்ணிட்டு ஓடறதுல ஆரம்பிக்குது, அவனும் அப்பாவும் காட்டுல ஒளிஞ்சு திரியறாங்க, எல்லாம் ஒரு வாரச் சொச்சம்தான். பழைய கதையெல்லாம் சமைக்கிறப்போ, நடக்கிறப்போ, படுத்துக்கிடக்கிறப்போ பேச்சுல வந்துடுது. என் முதல் முயற்சில நான் மூணு தலைமுறைக் கதைய எடுத்து வச்சிருந்தேன், 1940ல இருந்து இன்னைக்கு வரைக்கும், எங்க நிக்கிறேன்னே எனக்குத் தெரியல. வெக்கைய எண்ணி முடிச்சதும் என் கதைய ஒரே ஒரு மாசமா சுருக்கினேன்.

அடுத்தது பொன்னியின் செல்வன். கல்கி வார இதழ்ல 1950ல இருந்து 54 வரைக்கும் வாராவாரம் வந்த தொடர், பிற்பாடும் மறுபடி மறுபடி போட்டாங்க. அப்படித் தொடரா வந்தப்போ எங்க பெரியம்மா பக்கம் பக்கமா பிரிச்செடுத்து பைண்டு பண்ணி வச்சிருந்தாங்க, சில பக்கத்துல பின்னாடி சோப்பு விளம்பரம் பாதி இருக்கும், ஓரம் பழுப்பேறி தொட்டா உதிரும். அதுல வரிசையா 10 அத்தியாயத்தோட கடைசி பத்தியை மட்டும் நோட்டுல கையால காப்பி பண்ணேன். பண்ணிட்டு ஒவ்வொண்ணுக்கும் கீழ, "இப்போ வாசிக்கிறவங்களுக்கு என்ன தெரிஞ்சே ஆகணும்?"னு ஒரு வரி எழுதினேன். யாரு வந்தது, என்ன சத்தம், ஓலைல என்ன இருக்கு, இப்படி. அடுத்த வாரம் வரைக்கும் ஜனங்களைக் காத்திருக்க வைக்கணும், அதுக்காக அதை எழுதின கல்கி பண்ண வேலை அது. நமக்கு அது வேற விதத்துல உதவும்: இன்னைக்கு அத்தியாயத்தை ஒரு கேள்வியோட நிறுத்தினா நாளைக்கு நாமளே போய் உக்காருவோம்.

கையால காப்பி பண்றதை தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. கண்ணுல ஓடிப்போற வாக்கியம் கைல ஓடாது, எங்க மூச்சு விடறாங்கன்னு விரலுக்குத் தெரியும். தினம் ஒரு பக்கம், அரை மணி நேரம் போதும்.

ஸ்டெப் 2: உங்களுக்குத் தோதான மாசம், தமிழுக்குத் தகுந்த எண்ணிக்கை

நவம்பர்ல நமக்கு அடைமழை, கரண்ட் கட், பல வருஷம் தீபாவளியோ கார்த்திகையோ அதுல வந்து விழும். நான் அதனால ஆடிய எடுத்தேன், ஜூலை 17 வாக்குல பிறக்கும், கல்யாணம் கிடையாது, பால்காய்ச்சு கிடையாது, யாரும் பத்திரிகையோட வரமாட்டாங்க. (முதன்முதல்ல அந்த 21 பேர் எழுதினதும் ஜூலைலதான், அது எனக்கு ஒரு சந்தோஷம்.) உங்க வீட்டுல கோயில் கொடை ஆடில வந்தா வேற மாசம் பாருங்க.

இப்போ ரொம்ப முக்கியமான விஷயம். 1,667ங்கிறது இங்கிலீஷ் கணக்கு. "போயிருக்கமாட்டாளோ" நமக்கு ஒரு வார்த்தை, இங்கிலீஷ்ல அதைச் சொல்ல நாலு அஞ்சு வார்த்தை வேணும். "வீட்டுக்குள்ளருந்து" ஒரு வார்த்தை. நான் முதல் தடவை 1,667ஐ அப்படியே தமிழ்ல எழுதப் பாத்து, தினம் ராத்திரி 12 மணிக்கு 800ல நின்னு, நமக்கு வராதுன்னு மனசு விட்டுட்டேன். உண்மைல நான் குறைவா எழுதவே இல்லை, எண்ணிக்கைதான் தப்பு. தமிழ்ல ஒரு நாளைக்கு 1,000 வைங்க. மாசக் கடைசில 30,000, புஸ்தகமா வந்தா 150 பக்கம் வாக்குல இருக்கும், முதல் நாவலுக்கு தாராளம். வேலை, குழந்தைன்னு இருந்தா 700 வைங்க, தப்பே இல்லை.

எண்ணுறதுக்கு கூகுள் டாக்ஸ் போதும், கம்ப்யூட்டர்ல கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூணையும் சேர்த்து அமுக்கினா எண்ணிக்கை வரும். அது இடைவெளியை வச்சுத்தான் எண்ணும், "வந்து கொண்டு இருந்தான்"னு பிரிச்சு எழுதினா மூணு, சேர்த்து எழுதினா ஒண்ணு. ஏதாவது ஒண்ணை முதல் நாளே முடிவு பண்ணிட்டு மாசம் முழுக்க அப்படியே போங்க.

ஸ்டெப் 3: 31 காலண்டர் தாள்

தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளை சேர்த்து வச்சேன், 31 தாள். ஒவ்வொண்ணோட பின்பக்கமும் ஒரே ஒரு காட்சி, ரெண்டு வரிக்கு மேல கூடாது: யாரு, எங்க, என்ன வேணும், எது தடுக்குது. என் கதை ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல, அதாவது தீப்பெட்டி செய்யற தொழிற்சாலைல, வேலை பாக்குற பொண்ணு பத்தினது, ஒரு தாள்ல "செல்வி, முன்பணம் கேக்கணும், கணக்குப்பிள்ளை இன்னைக்கு லீவு"ன்னு மட்டும் இருந்துச்சு. அன்னைக்கு எழுதினப்போ அது 1,400 வார்த்தை வந்துச்சு. எழுதி முடிச்ச தாளை ஒரு கம்பில குத்தி வச்சேன், மளிகைக் கடைல பில் குத்துவாங்களே அது மாதிரி. கட்டு ஏற ஏற மனசுக்குத் தெம்பா இருக்கும்.

31 காட்சியும் முன்கூட்டியே தெரியணும்னு இல்லை. எனக்கு 19தான் தெரியும், மிச்சம் போகப்போக வந்துச்சு.

ஸ்டெப் 4: நேரம்

ஆந்தனி ட்ரோலப்னு 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர், பல வருஷம் தபால் இலாகால வேலை பாத்துக்கிட்டே எழுதினவர், மொத்தம் 40க்கு மேல நாவல். காலைல 5:30க்கு மேஜைல இருப்பார், முன்னாடி கடிகாரம், கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தைன்னு கணக்கு. அவரை எழுப்பி காஃபி கொடுக்கிறதுக்குன்னே வேலைக்காரருக்கு வருஷம் 5 பவுண்டு கூடுதலா கொடுத்திருக்கார், தான் எழுதினதுக்கெல்லாம் அந்த ஆளுக்குத்தான் யாரையும் விட அதிகம் கடன்பட்டிருக்கேன்னு சுயசரிதைல சொல்றார். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம். உங்களுக்காக காஃபி போடற ஆள்கிட்ட, அம்மாவோ வீட்டுக்காரரோ, முன்னாடியே உக்காந்து பேசிடுங்க: இந்த ஒரு மாசம் இந்த ஒரு மணி நேரம் என்னைக் கூப்பிடாதீங்கன்னு. ஒளிஞ்சு எழுதினா யாருக்கும் தெரியாது, அதனால யாரும் விடவும் மாட்டாங்க.

நான் காலைல 5ல இருந்து 6, ராத்திரி ஒரு அரை மணி. ஃபோனை ஏரோப்ளேன் மோடுல போட்டு 25 நிமிஷத்துக்கு அலாரம், அது அடிக்கிற வரைக்கும் விரல் நிக்கக் கூடாது. எனக்கு ஒரு 25 நிமிஷத்துக்கு 300, 350 வந்துச்சு, அப்போ ஒரு நாளைக்கு மூணு தடவை.

ஸ்டெப் 5: பின்னாடி திரும்பாதீங்க

முதல் முயற்சி நின்னதுக்கு இன்னொரு காரணம் இதுதான். தினம் உக்காந்ததும் முதல் அத்தியாயத்தைத் திறந்து திருத்துவேன், 11 நாள்ல அது நல்லா மெருகேறி இருந்துச்சு, ஆனா மூணாவது அத்தியாயம்னு ஒண்ணு இல்லவே இல்லை. இந்தத் தடவை ஒரு வழி வச்சுக்கிட்டேன், தெரியாத இடத்துல எல்லாம் @@ போட்டுட்டு நகர்றது. "வாரக் கூலியா @@ ரூபாய் கொடுத்தான்". அந்த வருஷம் கூலி எவ்வளவுன்னு தேடப் போனா இன்டர்நெட்ல ஒரு மணி நேரம் போயிடும், பேரு மறந்தா @@, ஊருக்கு பஸ் நம்பர் தெரியலன்னா @@. மாசம் முடிஞ்சதும் தேடல்ல @@ன்னு போட்டா எல்லாம் வரிசையா வந்து நிக்கும், எனக்கு 112 இருந்துச்சு.

ஒவ்வொரு நாளும் ஆரம்பிக்கிறப்போ நேத்து எழுதின கடைசி பத்தியை மட்டும் வாசிக்கலாம், அதுக்கு மேல கூடாது. ஃபைலை தினம் உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிடுங்க.

ஸ்டெப் 6: 12ஆவது நாள் வரும்

எனக்கு 12ஆவது நாள் வந்துச்சு. கதை செத்துப் போன மாதிரி இருந்துச்சு, செல்வி என்ன பண்றான்னே தெரியல, ஆபீஸுக்குள்ள போறா வரா, அவ்வளவுதான். அன்னைக்கு நான் எழுதாம ஆச்சிகிட்டப் போய் உக்காந்தேன். ஆச்சி சின்ன வயசுல தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கினவங்க, அதாவது மருந்துல முக்கறதுக்காக தீக்குச்சியை ஒவ்வொண்ணா சட்டத்துல வரிசையா வைக்கிற வேலை. "எப்படி ஆச்சி அடுக்குவீங்க?"ன்னு கேட்டதுக்கு, வாரியல்ல இருந்து ஈர்க்குச்சியை உருவி, துண்டு துண்டா ஒடிச்சு, கதவு இடுக்குல ஒவ்வொண்ணா வச்சுக் காட்டினாங்க. 70 வயசுக்கு மேல ஆச்சு, கண்ணு சரியாத் தெரியாது, ஆனா விரல் குச்சியைப் பாக்கவே இல்லை, என் முகத்தைப் பாத்து பேசிக்கிட்டே விரல் பாட்டுக்கு அடுக்குது. பெருவிரல் ஓரத்துல தோல் இன்னும் தடிச்சுத்தான் இருக்கு, அன்னைக்குத்தான் தொட்டுப் பாத்தேன். ராத்திரி வந்து 1,900 வார்த்தை எழுதினேன், செல்வி பேசிக்கிட்டே அடுக்கிற காட்சி, அவ பொய் சொல்றப்போ மட்டும் விரல் நின்னுடும்.

அதனால கதை நின்னா யோசிச்சுக்கிட்டு உக்காராதீங்க, அந்த வேலை தெரிஞ்ச ஒரு ஆளைத் தேடிப் போங்க, கையால செஞ்சு காட்டச் சொல்லுங்க.

கை வலிச்சா வாயால சொல்லி எழுதுங்க. தஸ்தயேவ்ஸ்கி 1866ல ஒரு பதிப்பாளர்கிட்ட மாட்டிக்கிட்டு, தேதிக்குள்ள நாவல் கொடுக்கலன்னா தன் எழுத்தோட உரிமையையே இழந்துடுவார்ங்கிற நிலைமைல, அன்னாங்கிற சுருக்கெழுத்துப் பொண்ணை வச்சு 26 நாள்ல ஒரு நாவலைச் சொல்லி முடிச்சார். அடுத்த வருஷம் அவங்களையே கல்யாணம் பண்ணிக்கிட்டார். நமக்கு ஃபோன் கீபோர்டுல மைக் பட்டன் இருக்கு, தமிழ் தேர்ந்தெடுத்துட்டு மொட்டை மாடில நடந்துக்கிட்டே சொன்னா எழுதிடும். வட்டார வார்த்தையெல்லாம் தப்பாத்தான் விழும், புள்ளி கமா இருக்காது, பரவாயில்லை, உரையாடல் மட்டும் ரொம்ப இயல்பா வரும்.

ஸ்டெப் 7: நாள் விட்டுப்போனா

எனக்கு காய்ச்சல்ல மூணு நாள் போச்சு. அந்த 3,000ஐ ஒரே நாள்ல ஈடுகட்டப் பாக்காதீங்க, மிச்ச நாளுக்குப் பிரிச்சுப் போடுங்க. 15 நாள் மிச்சம் இருந்தா தினம் 200 கூட, அது ஒரு பத்திதான்.

ஸ்டெப் 8: முடிஞ்சப்புறம்

யாருக்கும் உடனே அனுப்பாதீங்க, பதிப்பகத்துக்கு அனுப்பவே அனுப்பாதீங்க. ஒரு மாச டிராஃப்ட்ல பேரு மாறியிருக்கும், என் கதைல செல்வியோட தங்கச்சி 9ஆம் அத்தியாயத்துல காணாமலே போயிட்டா. குறைஞ்சது ஆறு வாரம் மூடி வைங்க, அந்த நேரம் வாசிங்க, தூங்குங்க, வீட்டு வேலைல விட்டதைப் பண்ணுங்க. நான் புரட்டாசி கடைசில ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் எடுத்தேன், ஒரு பக்கம் மட்டும் அச்சு, பின்பக்கம் எழுதறதுக்கு. அப்புறம் வாய்விட்டு வாசிக்கணும். மூச்சு முட்டுற வாக்கியத்துக்கு ஒரு கோடு, போரடிக்கிற இடத்துக்கு ரெண்டு கோடு, அவ்வளவுதான், அன்னைக்கே திருத்த வேணாம்.

ஆச்சிக்கு முதல் அத்தியாயத்தை வாசிச்சுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, முடிஞ்சதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "எல்லாம் சரியாத்தான் இருக்கு ஏட்டி, மருந்து வாடையை எங்க காணோம்? சேலைய எத்தனை தடவ அலசினாலும் போகாதே"ன்னாங்க. பின்பக்கத்துல எழுதிக்கிட்டேன், இப்போ ரெண்டாவது டிராஃப்ட் அதுல இருந்துதான் ஆரம்பிக்குது.