காகிதத்துக்கும் பாவு உண்டு

அத்தைக்கு ஏற்காட்டில் மணிவிழா. விழாவுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க நன்றி அட்டைகளை நானே செய்து தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். மே மாதத்து சேலம் அம்மாபேட்டை, மாடி அறை, மின்விசிறி முழு வேகத்தில். இரண்டு நாள் உட்கார்ந்து முப்பது அட்டை செய்தேன். சார்ட் பேப்பரை வெட்டி மடித்து, பழைய மாதக் காலண்டரிலிருந்த பூப்படங்களை முகப்பில் ஃபெவிகால் தடவி ஒட்டி, ஓரத்தில் கொஞ்சம் ஜிகினா. பெட்டியில் அடுக்கும்போது எல்லாமே தட்டையாக, கச்சிதமாகத்தான் இருந்தன. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய், பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படுத்தோம். வெளியே மூடுபனி.

காலையில் பெட்டியைத் திறந்த அத்தை கேட்டார்: "என்ன கண்ணு, அப்பளம் பொரிச்சுக் கொண்டாந்தியா?"

முப்பதும் வளைந்து கிடந்தன. பாதிக்கு மேல் மடிப்பில் வெடிப்பு வேறு. ஊருக்குத் திரும்பியதும் மாமனாரிடம் ஒன்றைக் காட்டினேன். நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். அட்டையைக் கையில் வாங்கி நீளவாக்கில் ஒரு வளை, அகலவாக்கில் ஒரு வளை. "இதுக்கும் பாவு ஊடை இருக்குதம்மா. நீ பாவைக் குறுக்கே மடிச்சிருக்கே" என்றார். (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, குறுக்கே போவது ஊடை.) கையிலிருக்கும் பொருளை வைத்துக் காகித வேலை செய்கிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். கடையில் எதையாவது வாங்கவில்லை என்பதால் கெடும் அட்டைகள் குறைவு. காகிதத்தின் போக்கைக் கவனிக்காமல் கெடுவதுதான் அதிகம்.

ஆலையில் காகிதக்கூழ் ஓடும் வலைமேல் பரவும்போது, நார்கள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. அதுதான் காகிதத்தின் பாவு. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் பல் பல்லாகப் போகும், இல்லையா? அதே சங்கதி. நார் ஓடும் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு வழவழவென்று விழும். குறுக்கே மடித்தால் நார் உடைந்து, வண்ணத்தாளாக இருந்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். மெல்லிய தாளில் இது தெரியாது. சார்ட், பழைய கல்யாணப் பத்திரிகை போன்ற கனமான தாளில்தான் காட்டிக் கொடுக்கும்.

சோதிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். தாளை மடிக்காமல், எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து மெதுவாக வளையுங்கள். பிறகு திருப்பி மற்ற இரண்டு ஓரங்களையும் பிடித்து வளையுங்கள். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ, அந்த வளைவின் முதுகுக்கோடு போகும் திசையே பாவின் திசை. கடையில் வெட்டி வரும் ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளப்பக்கமாகவே ஓடும். அதை நடுவில் இரண்டாக மடித்தால் மடிப்பு குறுக்கே விழும். எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான், நானும் செய்தேன். கனமான தாள் என்றால் முழு சார்ட்டாக வாங்கி, மடிப்பு எங்கே வரவேண்டும் என்பதை முடிவு செய்தபிறகு வெட்டுவது நல்லது.

இன்னொன்று, கனத் தாளை வெறும் விரலால் மடிக்கக் கூடாது. கட்டர் கத்தியால் கீறி மடிப்பதும் வேண்டாம், நாலாம் தடவை திறக்கும்போது இரண்டு துண்டாகிவிடும். மை தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவை ஸ்கேலை ஒட்டி ஒருமுறை அழுத்தி இழுங்கள். கோடு பள்ளமாக விழும், மறுபக்கம் சின்ன மேடு எழும். மேடு உள்பக்கம் வரும்படி மடிக்க வேண்டும். பள்ளத்துக்குள்ளேயே மடிப்பதுதான் இயல்பாகக் கை போகும் வழி, ஆனால் அது தப்பு. மேடு வெளியே வந்தால் முதுகில் நார் அதிகம் இழுபடும்.

சரி, மடிப்பு வெடித்ததற்கு இது காரணம். அப்பளமானதற்கு வேறு காரணம்.

காகிதம் தண்ணீர் குடிக்கும். காற்றில் ஈரம் ஏறினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். அதுவும் நாரின் குறுக்கேதான் அதிகம் விரியும். சேலத்துக் கோடையில் எலும்பு காயக் காய்ந்திருந்த என் சார்ட் பேப்பர், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனியைக் குடித்து விரிந்தது. முகப்பில் ஒட்டியிருந்த வழவழ காலண்டர் தாளும் அதன் கீழே காய்ந்த பசைப்படலமும் அந்த அளவுக்கு விரியவில்லை. ஒரு பக்கம் நீள, மறுபக்கம் நிற்க, நடுவில் மாட்டிக்கொண்ட அட்டை வளைந்துதானே ஆகவேண்டும்? இதில் பசையை நான் தாராளமாக ஊற்றியதும் சேர்ந்துகொண்டது. ஃபெவிகால் தண்ணீரில் கலந்த பசை. தடவியதும் தாள் ஊறி நீள்கிறது, காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது.

ஆகவே முழுப் பரப்பிலும் பசை தடவாதீர்கள். படத்தின் ஓரங்களில் மெல்லிய கோடு, நடுவில் இரண்டு பொட்டு போதும். முழுக்க ஒட்டியே தீரவேண்டும் என்றால், அட்டையின் பின்பக்கமும் அதே மாதிரித் தாள் ஒன்றை, நார் அதே திசையில் ஓடும்படி ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு இழுத்தால் அட்டை நடுவில் நேராக நிற்கும். பிறகு மின்விசிறிக்கடியிலோ மொட்டை மாடி வெயிலிலோ காய வைக்காமல், மேலும் கீழும் பழைய தாள் வைத்து, மேலே இட்லி அரிசி டப்பாவைத் தூக்கி வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். அவசரம் என்றால் பென்சில் வடிவில் வரும் குச்சிப் பசை நல்லது, அதில் ஈரம் குறைவு. ஆனால் அதன் பிடிமானத்தை நம்பி கனமான எதையும் ஒட்டிவிடாதீர்கள்.

வீட்டுப் பசை என்றால் எல்லோருக்கும் மைதாதான் ஞாபகம் வருகிறது. சேலத்தில் இருந்துகொண்டு மைதாவைத் தேடுவானேன்? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யக் கற்றுக்கொண்ட ஊர் இது. 1981-இல் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் இங்கேதான் வந்தது. மரவள்ளி மாவுப் பசை நிறமில்லாமல் காயும், மெல்லிய தாளில் கறை தெரியாது. இதில் மூன்று தவறுகள் வழக்கமாக நடக்கும். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். ஒரு கரண்டி மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து, மொத்தம் எட்டுக் கரண்டித் தண்ணீர் வரும்படி சேர்த்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடி போல ஆனதும் இறக்கிவிடலாம். அடுத்தது, சூட்டோடு தடவுவது. ஆறினால்தான் பிடிப்பு தெரியும். கடைசியாக, மிச்சத்தை வாரக்கணக்கில் வைத்திருப்பது. இரண்டாம் நாளே ஒரு வாடை வரும், பிறகு பூஞ்சை. சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அதைப் பார்த்து நீங்களும் போடாதீர்கள், அது விஷம். குழந்தைகள் பசைக்கையை வாயில் வைப்பார்கள்.

கையில் என்ன இருக்கிறது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தால் நிறைய இருக்கும். தினசரிக் காலண்டரின் பின்னட்டை கெட்டியானது, பெட்டிக்கும் போட்டோ சட்டத்துக்கும் அடித்தளமாகும். அதை மடிக்க நினைக்காதீர்கள், துண்டுகளாக வெட்டிச் சந்தில் துணிப்பட்டை ஒட்டி இணையுங்கள். கிழித்த தேதித்தாள்கள் பூ உலர்த்த உதவும். எங்கள் பக்கத்தில் தறி இருக்கிற வீடுகளில் பழைய ஜக்கார்டு அட்டைகள் (சேலையில் என்ன டிசைன் விழவேண்டும் என்று தறிக்குச் சொல்லும் அட்டைகள்) கிடைக்கும், துளைத் துளையாக. அதை வாழ்த்து அட்டையாக மடித்தால் துளை வழியாகவே கிழிந்து போகும். ஆனால் தாளின் மேல் வைத்து, பஞ்சில் வண்ணம் தொட்டு மேலிருந்து ஒற்றிப் பாருங்கள், புள்ளிக்கோலம் போல ஒரு சித்திரம் விழும். வண்ணத்தில் தண்ணீர் அதிகமானால் துளையின் அடியில் கசிந்து திட்டாகிவிடும். பஞ்சு கிட்டத்தட்ட உலர்ந்திருக்க வேண்டும்.

பழைய கல்யாணப் பத்திரிகைகள் அருமையான தாள். பளபளப்புப் பூச்சு உள்ளவற்றில் நீர்ப்பசை பிடிக்காது. காய்ந்தபிறகு நகத்தால் நெம்பினாலே படம் கழன்று வரும். ஒட்டும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். (பிள்ளையார் படத்தைக் கத்தரித்தால் எங்கள் வீட்டில் பெரிய சண்டையே வரும். உங்கள் வீட்டில் எப்படியோ, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

செய்தித்தாளில் செய்த பூவைப் பரிசாகக் கொடுப்பதென்றால் அது சீக்கிரம் பழுப்பாகும் என்று தெரிந்தே கொடுங்கள். அதன் கூழில் மரத்தின் லிக்னின் போகாமல் நிற்கிறது, வெயில் பட்டால் நிறம் மாறும். செல்லோ டேப்பும் அப்படித்தான், வருடம் போகப்போக மஞ்சளாகி, தாளில் எண்ணெய்க் கறை போல நிற்கும். பில் மெஷினிலிருந்து வரும் ரசீதுத்தாளை எதற்கும் எடுக்காதீர்கள். சூடு பட்டாலே கறுக்கும் தாள் அது. இஸ்திரி போட்டு நேராக்கலாம் என்று நினைத்தால் கண்முன்னே கரியாகும்.

காத்தாடிப் பேப்பர், க்ரேப் பேப்பர் இரண்டுக்கும் ஈரம் ஆகாது, சாயம் இறங்கிவிடும். ஸ்கெட்ச் பேனாவும் அப்படியே. எழுதிய இடத்தின் மேல் பசை தடவினால் "வாழ்த்துகள்" கலங்கிப் போகும். ஒட்டி முடித்து, காய்ந்து, பிறகு எழுதுங்கள்.

பழைய ஓலை மாதிரிப் பழுப்பு நிறம் வேண்டுமென்று தாளைக் காபியில் நனைப்பவர்கள் உண்டு. ஏற்காட்டுக் காபித்தூள் இருக்கும் வீட்டில் இந்த ஆசை வருவது சகஜம்தான். முதல் தடவை நான் குடித்து மிஞ்சிய காபியிலேயே நனைத்தேன். பாலும் சர்க்கரையும் போட்ட காபி! மூன்றாம் நாள் அலமாரியில் எறும்பு வரிசை. வெறும் டிகாக்‌ஷன் போதும். அதையும் நன்றாக நீர்க்கவிட்டு, தாளைத் தட்டில் ஒருமுறை முக்கி எடுத்துக் கொடியில் தொங்கவிடாமல் சமமாகப் படுக்கவிடுங்கள். தொங்கினால் நிறமெல்லாம் கீழ் ஓரத்தில் சேர்ந்துவிடும்.

பூ ஒட்டுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் மலைக்குப் போய் வருகிற எல்லோர் பையிலும் ஏதாவது ஒரு பூ இருக்கும். ரோஜா, செம்பருத்தி போன்ற சதைப்பற்றுள்ள பூக்களை அப்படியே புத்தகத்தில் வைத்தால் உள்ளே அழுகிப் பக்கத்தையும் கெடுக்கும். பேரிலேயே காகிதத்தை வைத்திருக்கும் காகிதப்பூ இதற்குச் சரியானது. வண்ணமாகத் தெரிவது அதன் மெல்லிய பூவடி இலைகள்தான், அவற்றில் தண்ணீரே குறைவு. காபித் தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக்கின் இலையும் நன்றாகப் படியும். அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல இருக்கும், அதை மேலே வைத்து ஒட்டுங்கள். காலையில் பனி காயும் முன் பறிக்காதீர்கள். தேதித்தாள்களுக்கு இடையில் வைத்து, முதல் நான்கைந்து நாள் தினமும் தாளை மாற்றுங்கள். அப்புறம் இரண்டு வாரம் கைவைக்காமல் விடுங்கள். ஏற்காட்டிலேயே உலர்த்தப் பார்த்தபோது எனக்கு ஒவ்வொரு முறையும் பூஞ்சைதான் மிஞ்சியது. இப்போது பறித்த அன்றே கீழே கொண்டுவந்துவிடுகிறேன். அட்டையை எலும்பு காயக் காயவைத்த அதே சேலத்து வெக்கை பூவுக்கு உதவுகிறது.

கொலுசுப் பட்டறைக்காரர்கள் வீட்டில் சின்னச் சலங்கை மணிகள், தறிக்காரர்கள் வீட்டில் ஜரிகைத் துண்டுகள் என்று அலங்காரத்துக்கு இந்த ஊரில் குறைவில்லை. கையில் கொடுக்கும் அட்டை என்றால் என்ன வேண்டுமானாலும் தொங்கவிடுங்கள். தபாலில் போவதென்றால் யோசியுங்கள். முத்திரை குத்தும்போது மணி உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

எடையும் உண்டு. தபாலில் 20 கிராம் வரை ஒரு கட்டணம், அதற்கு மேல் கூடிக்கொண்டே போகும். ஏ4 தாள் என்பது ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. அப்படியானால் 250 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 250 கிராம்) தாளில் முழு ஏ4 அட்டை ஏறத்தாழ 15.6 கிராம். உறையும் பசையும் சேர்ந்தால் 20-ஐ எட்டிவிடும். தபால்தலை குறைந்தால் வாங்குகிறவரிடம்தான் காசு கேட்பார்கள், வாழ்த்து அனுப்பியதற்கு நல்ல மரியாதை! பாதித் தாளில் செய்து மடித்த சிறிய அட்டை 8 கிராம்கூட வராது.

அந்தச் சிறிய அட்டைக்கு உறையும் ஏ4 தாளிலேயே கிடைக்கும். அட்டையின் அளவு 105-க்கு 148 மி.மீ. தாளை 210-க்கு 210 சதுரமாக வெட்டி, அட்டையின் நீளப்பக்கம் இடம் வலமாக இருக்க, அதை நடுவில் கோணலாக, சதுரத்தின் மூலைகள் அட்டையின் நான்கு பக்கங்களையும் பார்க்கும்படி வையுங்கள். முதலில் இடம் வலம் மடித்தால் இரண்டு மூலைகளும் நடுவில் கிட்டத்தட்ட முட்டும். பிறகு கீழ்மூலையை மேலே கொண்டுவந்து, ஓரத்தில் மட்டும் பசை வையுங்கள். அட்டையை இறுகப் பிடித்து மடிக்காதீர்கள், எல்லாப் பக்கமும் ஒரு நூல் இடம் விடுங்கள். மழை நாளில் அட்டை கொஞ்சம் விரியும்.

வெட்டியதில் 87 மி.மீ. அகலப் பட்டை ஒன்று மிஞ்சும். அதைக் குப்பையில் போடாமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலைக்கு அதே கட்டுத் தாளை எடுக்கும்போது, முதல் வளையும் முதல் மடிப்பும் முதல் பொட்டுப் பசையும் அந்தப் பட்டையில்தான். அத்தைக்கு இரண்டாம் முறை செய்த முப்பது அட்டைக்கு எனக்கு நாலு பட்டை செலவானது.