கழுத்துக் கருப்பும் இன்ச் டேப்பும்

சேலம் அம்மாபேட்டையில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். ஸ்கூல் யூனிஃபார்ம்தான் அதிகம். என் மகனுக்கு 11 வயது. ஜூனில் தைத்த பேண்ட்டை தீபாவளிக்குள் இடுப்பில் பிரித்துவிட வேண்டியதாயிற்று. காலருக்குக் கீழே கழுத்தும் கருத்துக்கொண்டே போனது. அழுக்கு என்று நினைத்து பீர்க்கன் நார் போட்டுத் தேய்த்தேன், பையன் அழுததுதான் மிச்சம். தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருந்தது. குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, "தேய்க்காதீங்கம்மா, இது இன்சுலின் பண்ற வேலை" என்றார்.

ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஹார்மோன்தான் இன்சுலின். உடம்பில் கொழுப்பு ஏறினால் தசையும் ஈரலும் அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் விடாமல் கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல்தான் கழுத்துத் தோலைத் தடிக்க வைத்துக் கருக்கச் செய்கிறது. பருவ வயதில் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலின் கொஞ்சம் மந்தமாகும், குண்டான பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை. "வளர்ற பையன், தானா இளைச்சிடுவான்" என்று எதிர்வீட்டு அக்கா சொன்னதை நம்பி ஒரு வருஷம் வீணாக்கினேன்.

முதலில் மருத்துவரிடம் காட்டி ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிடுங்கள். அப்புறம் ஓட்டம்.

தசை சுருங்கி விரியும்போது இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். விளையாடி முடித்த பிறகும் தசைக்கு இன்சுலின் பேச்சு நன்றாகக் காதில் விழும். ஆனால் அது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான். நாங்கள் கோட்டை விட்டது இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் நாள் முழுக்க நடப்போம், திங்கள் முதல் சனி வரை சோபாவும் போனும். செவ்வாய் ராத்திரிக்குள் அந்த நடையின் பலன் கரைந்துவிடும்.

எனவே தினமும் வேண்டும். உலக சுகாதார அமைப்பு சொல்வது சராசரியாக நாளுக்கு 60 நிமிடம். எடுத்த எடுப்பில் அவ்வளவு முடியாது. நாங்கள் 20 நிமிடத்தில் தொடங்கி வாரம் 5 நிமிடம் கூட்டினோம். மொத்தமாகச் செய்யணும் என்றில்லை, காலையில் நடை, சாயங்காலம் தெருவில் பந்து, ராத்திரி சாப்பிட்டதும் ஒரு சுற்று. வேகம் எவ்வளவு என்றால், பேச முடியணும், பாட முடியக் கூடாது. தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்தி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாரம் மூன்று நாள் தசைக்கு வேலை. குமரகிரி முருகன் கோயில் படி எங்களுக்கு வசதி. படி இல்லாதவர்களுக்குத் தோப்புக்கரணம் இருக்கிறது. தண்டனையாக மட்டும் போட வைக்காதீர்கள், அப்புறம் அந்தப் பக்கமே வர மாட்டான்.

விளையாடப் போகும் முன் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். ஓடும்போது வளர்ச்சி ஹார்மோன் எழும்பும், கொழுப்பைக் கரைக்கவும் தசை வளரவும் அது வேண்டும். குண்டான பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே குறைவாகத்தான் எழும்பும், கொழுப்பான சாப்பாடு இன்னும் அமுக்கிவிடும். தட்டுவடை செட்டை ஒழித்துவிடச் சொல்லவில்லை, சேலத்தில் இருந்துகொண்டு அது நடக்குமா! மாதம் ஒரு நாள் வைத்துக்கொண்டோம்.

"எவ்வளவு தின்றாலும் அடங்க மாட்டியா" என்று திட்டுவேன் முன்பெல்லாம். கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன்தான் மூளைக்குப் 'போதும்' என்று சொல்வது. அது அளவுக்கு மீறி இருந்தால் மூளை காதில் போட்டுக்கொள்வதில்லை. அவன் பேராசை அல்ல அது.

எடை மிஷினை ஒளித்து வையுங்கள். வளரும் பிள்ளைக்கு எடை குறையாமலே உள்ளே நிலைமை மாறும். இன்ச் டேப் போதும். மாதம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளவெடுங்கள். வயிறு உயரத்தில் பாதிக்குக் கீழே வரணும். என் மகனுக்கு 56 அங்குல உயரத்துக்கு வயிறு 31. நாலு மாதம் கழித்து உயரம் 57, வயிறு 30. எடை அதேதான். கழுத்துக் கருப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. பேண்ட்டில் இந்த முறை கீழ் மடிப்பைத்தான் பிரித்துவிட்டேன்.