சளியில் என்.டி.எம். வளர்ந்திருக்கிறது: மருந்தை இப்போதே தொடங்குவதா, பொறுப்பதா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒருவர் விடாத இருமலோடு கிளினிக்குக்குப் போனால், டிபி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் அது சரியான வழக்கமும்கூட. ஆனால் டிபி கிருமியும் அதன் தூரத்துச் சொந்தமான என்.டி.எம். (டிபி அல்லாத மைக்கோபாக்டீரியா) கிருமிகளும் நுண்ணோக்கியில் ஒரே சாயலில்தான் தெரியும். ஸ்மியர் (சளியை நுண்ணோக்கியில் பார்ப்பது) பாசிட்டிவ், ஜீன்எக்ஸ்பர்ட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடுவது) நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தால் என்.டி.எம். பற்றி யோசிக்க வேண்டும். அதை யோசிக்காமல் விட்டால், ஆறு மாதம் டிபி மாத்திரை விழுங்கியும் இருமல் நிற்காமல், ‘மருந்துக்கு அடங்காத டிபி’ என்ற தவறான முத்திரை விழக்கூடும். இன்னொரு குழப்பமும் உண்டு. முன்பு டிபி வந்து குணமானவருக்கு ஜீன்எக்ஸ்பர்ட்டின் புதிய வகையான எக்ஸ்பர்ட் அல்ட்ராவில் ‘ட்ரேஸ்’ (மிகச் சிறிதளவு) என்று வந்தால், அது செத்த கிருமியின் எச்சமாகவும் இருக்கலாம்.

ஆகவே கல்ச்சரில் (சளியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) வளர்ந்த கிருமியின் முழுப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். கல்ச்சர் முடிய 6 வாரம் வரை ஆகும். இதற்கிடையில் டாக்டர் டிபி என்று பலமாகச் சந்தேகித்து மருந்து கொடுத்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ரிசல்ட் வந்ததா என்று மட்டும் விடாமல் கேளுங்கள்.

வளர்ந்தது எல்லாம் நோய் அல்ல

என்.டி.எம். குழாய்த் தண்ணீரிலும் தோட்டத்து மண்ணிலும் வாழ்வது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது பொதுவாகத் தொற்றாது; பேரப்பிள்ளைகளைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு சளியில் வளர்ந்தால் அது வழியில் ஒட்டிக்கொண்ட கிருமியாகவும் இருக்கலாம். நோய் என்று சொல்ல மூன்றும் கூடி வர வேண்டும்: இருமல், சளி, சோர்வு, எடைக் குறைவு போன்ற அறிகுறிகள், சி.டி. ஸ்கேனில் குழி, அல்லது மூச்சுக்குழாய் விரிவோடு சிறுசிறு முடிச்சுகள். மூன்றாவது, வெவ்வேறு நாளில் எடுத்த குறைந்தது இரண்டு சளியில் அதே கிருமி. பிராங்கோஸ்கோப்பியில் (மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) கழுவி எடுத்த நீரென்றால் ஒன்றே போதும். வேறு நோய் எதுவும் இதற்குக் காரணமில்லை என்றும் உறுதியாக வேண்டும்.

சளி கொடுப்பதிலேயே பலர் தவறுகிறார்கள். காலையில் எழுந்ததும், நெஞ்சின் அடியிலிருந்து இருமி, ஒரு டீஸ்பூன் அளவுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும், எச்சில் உதவாது. அதற்குமுன் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் தண்ணீரிலுள்ள கிருமியே கல்ச்சரில் வளர்ந்துவிடலாம். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் நல்லது. இரண்டு சளிக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி இருக்கட்டும்.

கிருமியின் பெயரே பாதி முடிவு

கோர்டோனே என்று வந்தால் பெரும்பாலும் தண்ணீரிலிருந்து கலந்ததுதான். கன்சாசி அப்படியல்ல. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்தவர்களிடம் இந்த நாட்டில் அது நெடுங்காலமாகக் காணப்படுவது; டிபியைப் போலவே நடந்துகொள்ளும், மருந்துக்கும் நன்றாக அடங்கும். அதனால் பொறுத்திருப்பதில் லாபம் குறைவு. அப்செசஸ் வந்தால் அனுபவமுள்ள நுரையீரல் நிபுணர் இல்லாமல் ஒரு மாத்திரையும் தொடங்க வேண்டாம். பொறுப்பதா, தொடங்குவதா என்ற உண்மையான தடுமாற்றம் மேக் எனப்படும் ஏவியம் கூட்டத்தில்தான். இனிச் சொல்வது அதைப் பற்றியே.

தள்ளிப் போடக் கூடாதவர்கள்: ஸ்கேனில் குழி விழுந்தவர்கள், ஸ்மியரிலேயே கிருமி தெரிகிறவர்கள், எடை இறங்கிக்கொண்டே வருகிறவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 18.5-க்குக் கீழ், வயது 65-க்கு மேல், குழி, இ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) உயர்வு, ஆண் என்ற ஐந்தில் எத்தனை பொருந்துகிறதோ அந்த அளவுக்கு ஆபத்து கூடும். எச்.ஐ.வி. பரிசோதனையை வெட்கப்பட்டுத் தவிர்க்காதீர்கள். சி.டி.4 (எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை) மிகவும் இறங்கியவருக்கு மேக் உடம்பு முழுக்கப் பரவும். அது வேறு நோய், வேறு அவசரம்.

குழி இல்லை, ஸ்மியர் நெகட்டிவ், எடை நிற்கிறது, இருமல் மட்டும்தான் என்றால் சில மாதம் பொறுத்துப் பார்ப்பது நியாயமானது. மருந்தே இல்லாமல் சளி சுத்தமாகிறவர்களும் உண்டு. மேக் மெதுவாக வளரும் கிருமி. முடிவை இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்பதில்லை. வயது, மற்ற நோய்கள், ஒன்றரை வருடம் மாத்திரை விழுங்கும் மனத்தெம்பு எல்லாமே கணக்கில் வர வேண்டியவை.

பொறுப்பது என்றால் சும்மா இருப்பதல்ல

தினமும் இரண்டு வேளை, 10 முதல் 20 நிமிடம், சளியை வெளியேற்றுங்கள். ஆழமாக மூச்சிழுத்து, வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி ஊதுவதுபோல் ‘ஹா’ என்று தள்ளும் முறையை ஃபிசியோதெரப்பிஸ்டிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். சளி கெட்டியாக இருந்தால் 3 முதல் 7 சதவீத உப்புநீரை நெபுலைசரில் தருவார்கள். சிலருக்கு அது மூச்சை இறுக்கும் என்பதால் முதல் தடவை மருத்துவர் முன்னிலையில்தான். நெபுலைசர் கிண்ணத்தைக் குழாய்த் தண்ணீரில் அலசி அப்படியே வைப்பது, துரத்த நினைக்கும் கிருமிக்கு விருந்து வைப்பது.

மின்கட்டணத்துக்குப் பயந்து கீசரை வெதுவெதுப்பில் வைப்பதும் அப்படித்தான். 55 டிகிரிக்கு மேல் இருக்கட்டும்; வீட்டில் குழந்தைகள் இருந்தால் சூடு கையில் படாமல் கவனம். ஜக்குஸி வேண்டாம். தொட்டி மண் கிளறும்போது நனைத்துவிட்டு, மாஸ்க் போட்டுக் கிளறுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள்; சாதத்தோடு சுகர் பீன்ஸ், முட்டை, தயிர் என்று புரதம் குறையாமல் சாப்பிடுங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இரவில் வயிற்றிலிருந்து மேலேறுவது நுரையீரலுக்குள் போகக்கூடும்.

சளி கல்ச்சர் 2 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை, சி.டி. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள். முடிச்சுகள் பெருகினாலோ, புதிதாகக் குழி விழுந்தாலோ, ஸ்மியர் பாசிட்டிவ் ஆனாலோ, இரவு வியர்வையும் எடைக் குறைவும் தொடங்கினாலோ பொறுத்தது போதும். சளியில் ரத்தக் கோடு தெரிந்தால் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். கரண்டிக் கணக்கில் ரத்தம் வந்தால் உடனே மருத்துவமனை.

பொறுத்திருப்பவர் செய்யவே கூடாத ஒன்று உண்டு. நெஞ்சுச் சளிக்கு என்று யாராவது அசித்ரோமைசினை மட்டும் தனியாக எழுதிக்கொடுத்தால், ‘எனக்கு மேக் இருக்கிறது’ என்று சொல்லி நிறுத்துங்கள். மேக்குக்கு எதிரான முக்கிய ஆயுதமே அதுதான். தனியாகக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும்; பிறகு குணமாக்குவது மிகக் கடினம்.

தொடங்குவது என்று முடிவானால்

மேக்ரோலைடு மருந்து (அசித்ரோமைசின் சேர்ந்த வகை) கிருமியிடம் வேலை செய்யுமா என்ற சோதனை கையில் இருக்க வேண்டும். குழி இல்லாதவருக்கு வழக்கமாக வாரம் மூன்று நாள்: அசித்ரோமைசின் 500 மி.கி., ரிஃபாம்பிசின் 600 மி.கி., எத்தாம்பியூட்டால் கிலோவுக்கு 25 மி.கி. குழி உள்ளவருக்குத் தினசரி மருந்து. எத்தாம்பியூட்டால் கிலோவுக்கு 15 மி.கி. ஆகும், முதல் இரண்டு மூன்று மாதம் அமிக்கசின் ஊசியும் சேரும். வாரக் கணக்கின் அளவையும் தினக் கணக்கின் அளவையும் மாற்றிப் போட்டுக்கொள்வது கண்ணுக்கு ஆபத்து. மருந்துச் சீட்டில் இரண்டில் எது என்று சரிபாருங்கள்.

முதல் மாத்திரைக்கு முன் கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள், இ.சி.ஜி., பார்வையும் நிறமும் காணும் சோதனை, காது கேட்கும் சோதனை. எத்தாம்பியூட்டால் எடுக்கையில் சிவப்பும் பச்சையும் மங்கினால் அன்றே நிறுத்தி டாக்டரை அழையுங்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது சாதாரணம். கண் மஞ்சளாவது சாதாரணம் அல்ல. நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. ரிஃபாம்பிசின் கிளிக்ளசைடு, கிளிமிப்பிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துச் சர்க்கரையை ஏற்றிவிடும்; ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, எச்.ஐ.வி.க்கான டோலுட்டெக்ராவிர் ஆகியவற்றையும் அப்படியே. எடுத்துவரும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவதுதான் பாதுகாப்பு. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) உள்ளவர்கள், பிராங்கியெக்டேசிஸ் (மூச்சுக்குழாய் விரிவு) இருந்தால் விண்ணப்பத்தில் அதையும் எழுதச் சொல்லுங்கள். கட்டாயம் ஈடுசெய்ய வேண்டிய நீண்டகால நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் வயிறு படுத்தும். மூன்றையும் ஒரே நாளில் தொடங்காமல் ஒவ்வொன்றாகச் சில நாள் இடைவெளியில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் ஒன்றை மட்டும் நீங்களாகக் கழித்துவிடாதீர்கள்.

எத்தனை நாள் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிகிச்சை 12 மாதம் என்பது மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து அல்ல. சளி கல்ச்சர் முதன்முதலாக நெகட்டிவ் ஆன நாளிலிருந்து. ஒரு மாதத்துக்குக் குறையாத இடைவெளியில் எடுத்த மூன்று கல்ச்சர்கள் வரிசையாக நெகட்டிவ் ஆனால்தான் அந்த முதல் தேதி செல்லும். அதனால் மருந்து ஓடும்போதும் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை சளி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இருமல் நின்றுபோயிருந்தாலும்.